பள்ளி வேனில் கழியும் 513 மணி நேரம்

கேள்வி: நாங்கள் தஞ்சாவூரிலிருந்து சென்னைக்குக் குடிவந்து மூன்று மாதம் ஆகிறது. மேடவாக்கத்தில் வாடகை வீடு. கணவருக்குக் கிண்டியில் வேலை, மாதம் 62,000 ரூபாய் சம்பளம். இனி மாற்றல் கிடையாது. பெரியவன் தஞ்சாவூரில் தாத்தா வீட்டிலிருந்து மெட்ரிக் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு முடிக்கிறான். ஜூனில் இங்கே ஆறாம் வகுப்பில் சேர்க்க வேண்டும். அதிகம் பேச மாட்டான், ஓடுவதென்றால் உயிர். வேனில் ஏறினாலே வாந்தி வரும். சின்னவளுக்கு மூன்றரை வயது, எல்கேஜி. கேளம்பாக்கம் பக்கம் ஒரு சிபிஎஸ்இ பள்ளியில் இருவரையும் சேர்க்க மாமியாருக்கு ஆசை. இரண்டு பேருக்கும் சேர்த்து வருடம் 2,70,000 ரூபாய், வேனுக்குத் தனியாக 60,000. வேன் காலை 6.50-க்கு வரும், போக ஒரு மணி பத்து நிமிடம், வர அதே அளவு. வீட்டிலிருந்து முக்கால் கிலோமீட்டரில் ஒரு மெட்ரிக் பள்ளி இருக்கிறது, மைதானம் இல்லை. நடக்கும் தூரத்தில் அரசு மேல்நிலைப் பள்ளி இருக்கிறது, அங்கே மைதானம் உண்டு. என் கணவர் அரசுப் பள்ளியில் படித்தவர், 'அதுவே போதும்' என்கிறார். நாத்தனார் ஐபி என்ற சர்வதேசப் பாடத்திட்டப் பள்ளிதான் எதிர்காலம் என்கிறார். சிபிஎஸ்இ பள்ளியில் சின்னவளை நேர்காணலுக்கு அழைத்துப் போனோம். வீட்டில் ஓயாமல் பேசுகிறவள் அங்கே வாயே திறக்கவில்லை. அன்றிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. எது நல்ல பள்ளி என்று சொல்லுங்கள்.
- வாசகி, மேடவாக்கம்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

நான்கு பள்ளிகளைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். அவற்றையெல்லாம் தாண்டி, 'வேனில் ஏறினாலே வாந்தி வரும்' என்ற வரியில் என் கண் நின்றுவிட்டது. உங்கள் கேள்விக்கான பதிலில் பாதி அதிலேயே இருக்கிறது. 22 வருடம் வகுப்பறையிலும் அதன்பிறகு பெற்றோருக்கு ஆலோசனை சொல்லும் வேலையிலும் இருந்தவள் என்ற முறையில், பாடத்திட்டத்தைக் கடைசிக்குத் தள்ளிவைத்து, பிள்ளையின் ஒரு நாளை முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

வேனில் போக ஒரு மணி பத்து நிமிடம், வர ஒரு மணி பத்து நிமிடம். ஒரு நாளைக்கு 2 மணி 20 நிமிடம். கல்வி உரிமைச் சட்டம் ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை ஆண்டுக்கு 220 வேலைநாட்கள், 1,000 மணி நேரக் கற்பித்தல் என்று அளவு வைத்திருக்கிறது. 220 நாளைப் பயண நேரத்தோடு பெருக்கிப் பாருங்கள், 513 மணி நேரம் வருகிறது. வகுப்பில் உட்காரும் நேரத்தில் பாதிக்கும் மேலாக உங்கள் மகன் வேனில் உட்கார்ந்திருப்பான். அதுவும் குமட்டலோடு. மழைக்காலத்தில் பழைய மகாபலிபுரம் சாலையில் தண்ணீர் நிற்கும் நாட்களை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை.

இன்னொரு கணக்கும் உண்டு. 6.50-க்கு வேன் என்றால் 5.45-க்கு எழுப்ப வேண்டும். 6 முதல் 12 வயதுப் பிள்ளைகளுக்கு 9 முதல் 12 மணி நேரத் தூக்கம் தேவை என்பது மருத்துவர்கள் சொல்லும் அளவு. குறைந்தபட்ச 9 மணி நேரம் என்று வைத்தாலும் இரவு 8.45-க்கு அவன் தூங்கியிருக்க வேண்டும். கிண்டியிலிருந்து வேலை முடிந்து வரும் அப்பா எத்தனை மணிக்கு வீட்டுக்குள் நுழைகிறார்? ஒரு பையன் தன் அப்பாவை ஞாயிற்றுக்கிழமை மட்டும் பார்க்கிற வாழ்க்கையை ஒரு பள்ளிக்காக ஏற்றுக்கொள்ளலாமா என்பதை நீங்கள் இருவரும் உட்கார்ந்து பேசுங்கள். நான் வகுப்பு எடுத்த காலத்தில் தொலைவிலிருந்து வரும் பிள்ளைகளை அடையாளம் காண வருகைப் பதிவேடு தேவைப்பட்டதில்லை. இரண்டாவது பீரியடில் யாருடைய தலை மேசையில் சாய்கிறது என்று பார்த்தாலே போதும். நான்காம் வகுப்பில் 'கவனக்குறைவு' என்று என்னிடம் அழைத்துவரப்பட்ட ஒரு சிறுமிக்கு, வீட்டுக்கு அருகில் பள்ளி மாற்றியதைத் தவிர வேறு எந்தச் சிகிச்சையும் தேவைப்படவில்லை. தினமும் ஒன்றரை மணி நேரம் கூடுதலாகத் தூங்கினாள், அவ்வளவுதான்.

ஆகவே கேளம்பாக்கம் வேண்டாம் என்பதே என் கருத்து. அந்தப் பள்ளி நன்றாக நடத்தப்படும் பள்ளியாகவே இருக்கலாம். அதன் வாசலிலேயே குடியிருக்கும் பிள்ளைக்கு அது பொருந்தும், உங்கள் பிள்ளைக்குப் பொருந்தாது.

'சிபிஎஸ்இ போய்விடுமே' என்று மாமியார் வருந்துவார்கள். அவர்கள் வருத்தத்தில் அன்பு இருக்கிறது, அதனால் பொறுமையாகச் சொல்லுங்கள். சிபிஎஸ்இ பாடத்திட்டத்தின் பெரிய பலன், மாநிலம் விட்டு மாநிலம் போகும் குடும்பங்களுக்கு. புனேவில் விட்ட பாடத்தை ஐதராபாத்தில் தொடரலாம். உங்கள் கணவருக்கு மாற்றல் இல்லை என்கிறீர்கள், அந்தக் காரணம் அங்கேயே விழுந்துவிடுகிறது. அடுத்ததாகச் சொல்லப்படுவது மருத்துவத்துக்கான நீட், ஐஐடி போன்ற பொறியியல் கல்லூரிகளுக்கான ஜேஇஇ. நீட் தேர்வுக்கு, சிபிஎஸ்இ பள்ளிகளில் நடத்தும் என்சிஇஆர்டி புத்தகங்கள்தான் அடிப்படை என்பது உண்மை. ஆனால் அந்தப் பேச்சு தொடங்குவது பதினொன்றாம் வகுப்பில். மாநிலப் பாடத்திட்டத்தில் படிக்கும் பிள்ளை அப்போது என்சிஇஆர்டி புத்தகத்தையும் சேர்த்துப் படிக்க வேண்டியிருக்கும். அது கூடுதல் உழைப்புதான், மறைக்க மாட்டேன். ஆனால் பதினோரு வயதுப் பையனை ஐந்து வருடம் முன்னதாக அதற்காக அலைக்கழிப்பது தேவையற்றது. அவன் பொறியியல் பக்கம் போனால், தமிழ்நாடு பொறியியல் சேர்க்கைக் கலந்தாய்வுக்கு நுழைவுத் தேர்வே கிடையாது, பிளஸ் டூ மதிப்பெண்ணில்தான் கட்-ஆஃப்.

இன்னொன்றையும் யோசியுங்கள். தமிழ்நாட்டுச் சிபிஎஸ்இ பள்ளிகள் பலவற்றில் ஒன்றாம், இரண்டாம் வகுப்பிலேயே இந்தி தொடங்கிவிடும். உங்கள் மகன் ஆறாம் வகுப்பில் போய், ஐந்து வருடம் படித்த பிள்ளைகளுக்கு நடுவே 'அ, ஆ'விலிருந்து ஆரம்பிக்க வேண்டும். அதிகம் பேசாத பிள்ளை என்று எழுதியிருக்கிறீர்கள். புது ஊர், புது நண்பர்கள், புது மொழி, வாந்தி எடுக்கும் வேன். ஒரே ஜூன் மாதத்தில் இத்தனையும் அவன் தோளில் ஏறும்.

இனி வீட்டுக்கு அருகில் இருக்கும் இரண்டு பள்ளிகள்.

மெட்ரிக் பள்ளி, அரசுப் பள்ளி என்றதும் பெற்றோர் மனதில் இரண்டு வேறு பாடத்திட்டங்கள் தோன்றுகின்றன. அந்தக் காலம் முடிந்துவிட்டது. மாநில வாரியம், மெட்ரிகுலேஷன், ஆங்கிலோ-இந்தியன், ஓரியண்டல் என்று நான்காகப் பிரிந்து கிடந்ததைச் சமச்சீர்க் கல்விச் சட்டம் 2010-ல் ஒன்றாக்கியது. அதை எதிர்த்து வழக்குகள் நடந்து, 2011 ஆகஸ்டு 9 அன்று உச்ச நீதிமன்றம் அந்த ஆண்டே நடைமுறைப்படுத்தச் சொன்னது. அன்றிலிருந்து உங்கள் வீட்டருகே உள்ள மெட்ரிக் பள்ளியின் பத்தாம் வகுப்புப் பிள்ளையும் அரசுப் பள்ளியின் பத்தாம் வகுப்புப் பிள்ளையும் ஒரே பாடத்தைப் படித்து, ஒரே பொதுத் தேர்வை எழுதுகிறார்கள். பெயரில் மட்டும்தான் 'மெட்ரிக்' மிஞ்சியிருக்கிறது. ஆகவே இந்த இரண்டுக்கும் நடுவே நீங்கள் ஒப்பிட வேண்டியது புத்தகத்தை அல்ல, அதை யார் எப்படி நடத்துகிறார்கள் என்பதை.

பயிற்றுமொழி பற்றிக் கவலை வேண்டாம். அரசுப் பள்ளிகள் பலவற்றில் ஆங்கில வழிப் பிரிவு உண்டு. உங்கள் மகன் ஆங்கில வழியில் வந்தவன் என்றால் அதிலேயே தொடரலாம். அந்தப் பள்ளியில் ஆறாம் வகுப்புக்கு இருக்கிறதா என்று மட்டும் கேளுங்கள்.

இப்போது சொல்லப்போவது உங்களுக்கு இந்த வருடம் மட்டுமே பயன்படக்கூடிய தகவல். அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு கொடுக்கும் சட்டம் 2020-ல் வந்தது. 2021-ல் பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், சட்டம் ஆகிய படிப்புகளுக்கும் அது விரிந்தது. அந்த ஒதுக்கீட்டில் இடம் பெறுகிறவர்களின் கல்லூரிக் கட்டணத்தை அரசே ஏற்கிறது. இதற்கான தகுதி, ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும் என்பது. ஏழாம் வகுப்பிலோ ஒன்பதாம் வகுப்பிலோ தனியார் பள்ளியிலிருந்து வந்து சேர்ந்தால் பொதுவாகக் கணக்கில் வராது. அரசு உதவி பெறும் பள்ளிகளும் இதில் சேராது. உங்கள் மகன் நிற்பது சரியாக அந்த வாசலில். இது ஒன்றுக்காகவே அரசுப் பள்ளியில் சேருங்கள் என்று சொல்ல மாட்டேன். ஏழு வருடம் கழித்து வரக்கூடிய ஒரு சலுகைக்காக, இன்றைக்கு ஆசிரியர் இல்லாத வகுப்பில் பிள்ளையை உட்கார வைப்பது தவறு. ஆனால் பள்ளி நன்றாக இருந்தும், அக்கம்பக்கத்தார் என்ன நினைப்பார்களோ என்ற தயக்கத்தில் விட்டுவிட்டால், பிறகு அந்த வாசல் திறக்காது. தெரிந்துகொண்டு முடிவெடுங்கள்.

எது நல்ல பள்ளி என்பதை நான் இங்கிருந்து சொல்ல முடியாது, நீங்கள் போய்ப் பார்த்தால் ஒரு மணி நேரத்தில் தெரிந்துவிடும். கட்டடத்தையும் வரவேற்பறையையும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். நான் பெற்றோருக்கு எப்போதும் சொல்வது, நோட்டுப் புத்தகத்தைக் கேளுங்கள். இப்போது ஆறாம் வகுப்பு முடிக்கும் பிள்ளைகளின் மூன்று நோட்டுகள் போதும். நன்றாகப் படிக்கும் பிள்ளையுடையது, நடுவில் இருக்கும் பிள்ளையுடையது, தடுமாறும் பிள்ளையுடையது. மூன்றிலும் ஒரே கேள்விக்கு ஒரே விடை, ஒரே வார்த்தையில் இருந்தால் அங்கே கரும்பலகையிலிருந்து நோட்டுக்கு நகல் நடக்கிறது என்று பொருள். தடுமாறும் பிள்ளையின் நோட்டில் எழுத்துப்பிழைகள் இருந்து, அவை திருத்தப்பட்டு, கீழே அந்தப் பிள்ளை மறுபடி எழுதியிருந்தால், அங்கே ஒரு ஆசிரியர் உட்கார்ந்து ஒவ்வொரு பிள்ளையையும் பார்க்கிறார். பிழையே இல்லாத நோட்டை விட, பிழை திருத்தப்பட்ட நோட்டைத்தான் நான் நம்புவேன். நோட்டைக் காட்ட மறுக்கும் பள்ளியில் அந்த மறுப்பையே பதிலாக எடுத்துக்கொள்ளலாம்.

பிறகு ஆசிரியர்களைப் பற்றிக் கேளுங்கள். தனியார் பள்ளி என்றால், போன வருடம் ஆறாம் வகுப்புக்குக் கணக்கு எடுத்தவர் இந்த வருடமும் இருக்கிறாரா? வருடத்துக்கு இரண்டு முறை ஆசிரியர் மாறும் பள்ளியில் எந்தப் பாடத்திட்டமும் வேலை செய்யாது. அரசுப் பள்ளி என்றால், கணக்குக்கும் அறிவியலுக்கும் பணியிடம் நிரம்பியிருக்கிறதா? அரசுப் பள்ளி ஆசிரியர்களின் தகுதியில் எனக்குச் சந்தேகமே இல்லை. போட்டித் தேர்வுகளைத் தாண்டி வருகிறவர்கள். அங்கே பிரச்சினை காலியிடம்தான். தலைமை ஆசிரியரிடம் நேராகக் கேளுங்கள். கேட்கும் பெற்றோரை நல்ல தலைமை ஆசிரியர்கள் மதிப்பார்கள். வகுப்பில் எத்தனை பிள்ளைகள் என்பதையும் கேளுங்கள். ஆறு முதல் எட்டு வரை 35 பிள்ளைக்கு ஓர் ஆசிரியர் என்பது சட்டம் சொல்லும் அளவு.

கழிப்பறையைப் பாருங்கள். காலையில் கழுவிய நேரத்தில் வேண்டாம், மதிய இடைவேளைக்குப் பிறகு பாருங்கள். தண்ணீர் வருகிறதா, கதவுக்குத் தாழ்ப்பாள் இருக்கிறதா? மாலை வரை அடக்கிக்கொண்டு வீட்டுக்கு ஓடிவரும் பிள்ளைகள் இந்த ஊரில் நிறைய. அது பெற்றோருக்குத் தெரியாமலேயே இருக்கும், ஏனென்றால் பிள்ளைகள் வெட்கப்பட்டுச் சொல்வதில்லை. நூலகம் இருந்தால் அதன் பூட்டைப் பாருங்கள், துருப்பிடித்திருந்தால் புரிந்துகொள்ளுங்கள். பள்ளி விடும் நேரத்தில் வாசலில் ஒரு கால் மணி நேரம் நில்லுங்கள். வெளியே வரும் பிள்ளைகளின் முகமும், வாட்ச்மேன் அவர்களிடம் பேசும் விதமும், பள்ளி தரும் எந்தக் கையேட்டை விடவும் அதிகம் சொல்லும்.

இரண்டு பள்ளியும் இந்தச் சோதனையில் சமமாக வந்தால், உங்கள் மகனுக்கு நான் அரசுப் பள்ளியைச் சொல்வேன். காரணம் மைதானம். அதிகம் பேசாத பிள்ளைக்குப் புது ஊரில் நண்பன் கிடைப்பது வகுப்பில் அல்ல, விளையாட்டில். ஓடத் தெரிந்தவனுக்கு ஓட இடம் இருக்கும் பள்ளியில் அவனை மற்ற பிள்ளைகள் முதல் வாரத்திலேயே கவனிப்பார்கள். மைதானம் இல்லாத பள்ளியில் அவன் 'பேசாத புதுப் பையன்' மட்டும்தான். அங்கே உடற்கல்வி ஆசிரியர் இருக்கிறாரா, பிடி பீரியடைக் கணக்குப் பாடம் பிடுங்கிக்கொள்கிறதா என்றும் விசாரியுங்கள். உங்கள் கணவர் 'அதுவே போதும்' என்று சொன்னதை நான் கொஞ்சம் மாற்றுவேன். அது போதும் என்பதற்காக வேண்டாம், உங்கள் பையனுக்கு அது பொருந்துகிறது என்பதற்காகச் சேருங்கள். கணக்கு ஆசிரியர் இடம் காலியாக இருந்து, நிரம்பும் அறிகுறியும் இல்லை என்றால் தயங்காமல் மெட்ரிக் பள்ளிக்குப் போங்கள். அப்போது மாலையில் ஓட வேறு இடம் பார்க்க வேண்டியது உங்கள் பொறுப்பு.

சின்னவளுக்கு வருகிறேன். அந்த நேர்காணலை நினைத்து நீங்கள் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டது எனக்குத் தாங்கவில்லை. மூன்றரை வயதுக் குழந்தை, முன்பின் தெரியாத பெரியவர்கள் ஆங்கிலத்தில் கேள்வி கேட்கும் அறையில் வாய் திறக்கவில்லை. அந்த வயதுக்கு அது முற்றிலும் இயல்பான நடத்தை. வீட்டில் ஓயாமல் பேசுகிறாள் என்கிறீர்களே, அவளுடைய மொழி வளர்ச்சிக்கு அதுவே சான்று. கல்வி உரிமைச் சட்டத்தின் 13-ஆம் பிரிவு, சேர்க்கையின்போது பிள்ளையையோ பெற்றோரையோ வடிகட்டும் எந்த முறையையும் தடுக்கிறது. மீறினால் முதல் முறை 25,000 ரூபாய் வரை அபராதம், அடுத்தடுத்து ஒவ்வொரு முறையும் 50,000 வரை. பெரியவனுக்கு ஆறாம் வகுப்பு நுழைவுத் தேர்வு என்று எந்தப் பள்ளியாவது சொன்னால் இந்தப் பிரிவை நினைவில் வையுங்கள். அந்தச் சட்டம் 6 முதல் 14 வயது வரை உள்ள பிள்ளைகளைப் பற்றியது, எல்கேஜிக்குச் செல்லாது என்று வாதிடும் பள்ளிகள் உண்டு. ஆறு வயதுப் பிள்ளைக்குச் செய்யக் கூடாது என்று நாடாளுமன்றம் சொன்னதை மூன்றரை வயதுப் பிள்ளைக்குச் செய்யும் பள்ளியில் அவளைச் சேர்க்க எனக்கு மனம் வராது.

இந்த வயதில் அவளுக்குத் தேவை தனக்குத் தெரிந்த மொழியில் கதை கேட்பதும், பேசுவதும், மணலிலும் தண்ணீரிலும் கை வைப்பதும்தான். பயிற்றுமொழி இயன்றவரை தாய்மொழியாக இருக்க வேண்டும் என்று அதே சட்டத்தின் 29-ஆம் பிரிவு சொல்கிறது. ஆங்கிலம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 'தண்ணி வேணும்', 'வயித்த வலிக்குது' என்று தமிழில் சொல்ல அவளுக்கு அனுமதி இருக்கிற வகுப்பறையில் ஆங்கிலமும் தானாக ஒட்டும். தமிழில் பேசினால் அபராதம், தமிழில் பேசினால் பெயரைப் பலகையில் எழுதுவது போன்ற வழக்கம் இருக்கும் பள்ளியா என்று கட்டாயம் விசாரியுங்கள். இருந்தால், வேறு எல்லாம் நன்றாக இருந்தாலும், வேண்டாம்.

மெட்ரிக் பள்ளி உங்கள் வீட்டிலிருந்து முக்கால் கிலோமீட்டர் என்று எழுதியிருந்தீர்கள். தனியார் பள்ளிகள் நுழைவு வகுப்பில் 25 சதவீத இடங்களை இலவசமாகக் கொடுக்க வேண்டும் என்ற ஏற்பாடு தெரியும்தானே? தமிழ்நாட்டில் ஒரு கிலோமீட்டருக்குள் குடியிருப்பவர்களுக்கு அதில் முன்னுரிமை. ஆண்டு வருமானம் 2 லட்சத்துக்குள் இருந்தால்தான் கிடைக்கும் என்று பலர் நினைத்து விண்ணப்பிக்காமலே விட்டுவிடுகிறார்கள். அந்த வரம்பு நலிவடைந்த பிரிவுக்கு. வாய்ப்பு மறுக்கப்பட்ட பிரிவு என்று இன்னொன்று உண்டு. அதில் பிற்படுத்தப்பட்ட, மிகவும் பிற்படுத்தப்பட்ட, பட்டியல் சாதி, பழங்குடிக் குடும்பங்களும், மாற்றுத்திறனாளிக் குழந்தைகளும் அடங்குவார்கள். சாதிச் சான்றிதழ், பிறப்புச் சான்றிதழ், மேடவாக்கம் முகவரிச் சான்று மூன்றையும் இப்போதே தயார் செய்துகொண்டு, இணையவழி அறிவிப்பு வரும்போது விண்ணப்பியுங்கள். விண்ணப்பங்கள் கூடினால் குலுக்கல். எல்கேஜிக்கு ஜூலை 31 அன்று 3 வயது நிறைந்திருக்க வேண்டும், அதில் உங்களுக்குச் சிக்கல் இல்லை. சிறுபான்மை நிறுவனங்கள் நடத்தும் பள்ளிகளுக்கு இந்த 25 சதவீதம் பொருந்தாது என்று 2014-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. அந்த மெட்ரிக் பள்ளி எந்த வகை என்பதைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

வழியில் 'மாண்டிசோரி' என்று பலகை வைத்த மழலையர் பள்ளிகளையும் பார்ப்பீர்கள். இந்த ஊருக்கும் அந்தப் பெயருக்கும் பழைய உறவு. மரியா மாண்டிசோரி அம்மையார் 1939-ல் அடையாறுக்கு வந்து பிரம்மஞான சபை வளாகத்தில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். போர்க்காலம் முழுவதும் அவர் இந்தியாவிலேயே தங்கும்படி ஆனது. அந்த வழியில் வந்த நல்ல பள்ளிகள் சென்னையில் இன்றும் இருக்கின்றன. ஆனால் அந்தப் பெயரை யார் வேண்டுமானாலும் பலகையில் எழுதிக்கொள்ளலாம். உள்ளே போய்ப் பாருங்கள். மூன்று முதல் ஆறு வயதுப் பிள்ளைகள் ஒன்றாகக் கலந்து இருக்கிறார்களா, தாமே எடுத்து வேலை செய்யும் பொருட்கள் கைக்கு எட்டும் அலமாரியில் இருக்கின்றனவா, அதற்கு இடையூறில்லாத நீண்ட நேரம் கொடுக்கப்படுகிறதா? அவை இல்லாமல், வரிசையாக உட்கார வைத்து ஏ, பி, சி எழுத வைத்தால் அது மாண்டிசோரி அல்ல. நடக்கும் தூரத்தில் உண்மையான ஒன்று கிடைத்து, கட்டணமும் கட்டுப்படியானால், இரண்டு வருடம் அங்கே விட்டு ஒன்றாம் வகுப்புக்கு வேறு பள்ளி பார்க்கலாம்.

அண்ணனும் தங்கையும் ஒரே பள்ளியில்தான் படிக்க வேண்டும் என்று ஒரு கட்டாயமும் இல்லை. பெரியவன் அரசுப் பள்ளி, சின்னவள் மெட்ரிக் பள்ளி என்று அமைந்தால், 'இவளுக்கு மட்டும் ஏன் பணம் கட்டுகிறீர்கள்' என்று அவன் ஒருநாள் கேட்பான். காரணத்தை அவனிடம் இப்போதே சொல்லிவிடுங்கள், பதினோரு வயதுக்குப் புரியும்.

நாத்தனார் சொல்லும் ஐபி பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஜெனீவாவில் 1968-ல் தொடங்கிய அமைப்பின் பாடத்திட்டம் அது. நாடு விட்டு நாடு போகும் குடும்பங்களின் பிள்ளைகளை மனதில் வைத்துப் பிறந்தது. நல்ல பாடத்திட்டம்தான். வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தை உறுதியாக நினைத்திருக்கும், பல லட்ச ரூபாய் ஆண்டுக் கட்டணத்தைப் பன்னிரண்டு வருடம் கடன் இல்லாமல் கட்டக்கூடிய வீட்டுக்கு ஏற்றது. உங்கள் நிலைமையில் அதைப் பரிசீலிக்கவே தேவையில்லை.

பணத்தையும் வெளிப்படையாகப் பேசிவிடுவோம். ஆண்டு வருமானம் 7,44,000. கேளம்பாக்கம் பள்ளிக்கும் வேனுக்கும் 3,30,000. மேடவாக்கத்தில் வீட்டு வாடகையும் கரண்ட் பில்லும் சேர்ந்து மாதம் 16,000 என்று வைத்துக்கொண்டால் 1,92,000. மிச்சம் 2,22,000, அதாவது மாதம் 18,500. இதில் நாலு பேர் சாப்பாடு, மருந்து, ஊருக்குப் போய்வருவது, இரண்டு பக்கத்துப் பெரியவர்களுக்கும் அனுப்புவது எல்லாம். சின்னவள் பிளஸ் டூ முடிக்க 14 வருடம் இருக்கிறது, கட்டணம் வருடந்தோறும் ஏறும். பள்ளிக் கட்டணத்துக்காக நகையை அடகு வைக்கும் வீடுகளில், பிள்ளை ஒரு தேர்வில் பத்து மதிப்பெண் குறைந்தால் எழும் கோபத்தை நான் பார்த்திருக்கிறேன். அந்தக் கோபம் உண்மையில் கடன்மேல் வருவது, விழுவது பிள்ளைமேல். எந்தத் தனியார் பள்ளியானாலும், ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையிலான கட்டண நிர்ணயக் குழு அந்தப் பள்ளிக்கு எவ்வளவு நிர்ணயித்திருக்கிறது என்று கேளுங்கள். 2009-ல் வந்த சட்டத்தின்படி அமைந்த குழு அது. ரசீது தராமல் கேட்கும் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள்.

இவ்வளவுக்கும் பிறகு வீட்டில் சிபிஎஸ்இதான் என்று முடிவானால், ஐந்து கிலோமீட்டருக்குள் ஒன்றைத் தேடுங்கள். 'சிபிஎஸ்இ முறையில் கற்பிக்கிறோம்' என்ற விளம்பரத்துக்கும் சிபிஎஸ்இ இணைப்பு பெற்றிருப்பதற்கும் வித்தியாசம் உண்டு. இணைப்பு எண்ணைக் கேட்டு, வாரியத்தின் இணையதளத்தில் சரிபாருங்கள். ஆசிரியர் விவரம், தீயணைப்புத் துறைச் சான்று முதலியவற்றைப் பள்ளிகள் தங்கள் இணையதளத்தில் வெளியிட வேண்டும் என்பது வாரியத்தின் விதி, அதையும் படியுங்கள். மாடிக் கட்டடத்தில் நடக்கும் எந்தப் பள்ளியானாலும் இரண்டாவது படிக்கட்டு எங்கே என்று கேளுங்கள். 2004-ல் கும்பகோணத்தில் 94 பிள்ளைகளைத் தீயில் இழந்த மாநிலம் நாம். உங்கள் ஊர்ப்பக்கம் நடந்தது, உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. பள்ளி வாகனம் என்றால் மஞ்சள் நிறம், உதவியாளர், வேகக் கட்டுப்பாட்டுக் கருவி, அவசர வழி எல்லாம் 2012-ல் வந்த சிறப்பு விதிகளின்படி இருக்க வேண்டும். பள்ளிக்குச் சம்பந்தமில்லாத தனியார் வேனில் பிள்ளைகளை அடைத்து அனுப்பாதீர்கள்.

இதை வாசிக்கும் மற்றவர்களுக்கும் ஒரு வார்த்தை. மயிலாப்பூர், திருவல்லிக்கேணி, புரசைவாக்கம் போன்ற பழைய பகுதிகளில் இருப்பவர்கள், அரசு உதவி பெறும் பள்ளிகளை மறந்துவிடாதீர்கள். நோபல் பரிசு பெற்ற எஸ். சந்திரசேகர் படித்தது திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில். நூறாண்டு கடந்த அந்த மாதிரிப் பள்ளிகளில் பெரிய மைதானமும், தகுதியான ஆசிரியர்களும், குறைந்த கட்டணமும் இருந்தும், சேர்க்கை குறைந்துகொண்டே போவதைப் பார்க்க வேதனையாக இருக்கிறது.

சகோதரி, இப்போது செய்ய வேண்டியது இதுதான். தஞ்சாவூர்ப் பள்ளியில் தேர்வு முடிந்ததும் மாற்றுச் சான்றிதழை வாங்கும்போது மகனின் எமிஸ் எண்ணையும் (பள்ளிக்கல்வித் துறையின் இணையப் பதிவில் ஒவ்வொரு மாணவருக்கும் உள்ள எண்) கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அங்கே அவன் பெயரை விடுவித்தால்தான் இங்கே பதிவு சுலபமாக நடக்கும். சான்றிதழ் தாமதமானாலும் அரசுப் பள்ளியில் சேர்க்கையை மறுக்க முடியாது, அதற்காகக் காத்திருக்க வேண்டாம். இரண்டு பள்ளிகளையும் பார்க்கப் போகும்போது அவனையும் அழைத்துப் போங்கள். அலுவலக அறையில் உட்கார வைக்காதீர்கள், மைதானத்துப் பக்கம் கொஞ்ச நேரம் விட்டுவிடுங்கள். திரும்பி நடந்து வரும்போது எது பிடித்தது என்று கேளுங்கள். உடனே பதில் சொல்ல மாட்டான். இரவு சாப்பிடும்போது சொல்வான்.